அரிப்பு நிற்கும், படை நிற்காது!

"அண்ணே, இடுப்புல ஒரே அரிப்பு. ஒரு ஆயின்மெண்ட் குடுங்க."

"போன தடவை வாங்கினதேவா?"

"ஆமாண்ணே. போட்டா கேக்குது. விட்டா வந்துடுது."

ஆரணி கடைத்தெருவில் சாயங்கால வேளையில் மருந்துக் கடை வாசலில் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். ஆரணி என்ன, வேலூரிலும் கேட்கலாம், சென்னையிலும் கேட்கலாம். கடைக்காரர் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஒரு டியூபை எடுத்துப் போடுவார். காசு கைமாறும். டாக்டர் சீட்டு என்ற பேச்சே அங்கே கிடையாது.

"போட்டா கேக்குது, விட்டா வந்துடுது." வியாதியின் ஜாதகமே இந்த நாலு வார்த்தையில் அடக்கம். படர்தாமரைக்கு மருந்து என்று நினைத்துக் காசு கொடுத்து, படர்தாமரைக்குத் தீனி வாங்கிக்கொண்டு போகிறார்கள்!

குழிக்குள் வேர்வை

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து ஜனங்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். அந்தப் புடவை எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்தால் தெரியும். குழித்தறியில் உட்காருபவருக்கு இரண்டு காலும் குழிக்குள் இருக்க வேண்டும். கை நாடாவைத் தள்ளும், கால் மிதியை மிதிக்கும். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றலாம். குழிக்குள் காற்று இறங்குமா?

வேட்டியோ, லுங்கியோ, பாவாடையோ, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி வேர்வையில் நனையும். தொடை இடுக்கு நனையும். அரைஞாண் கயிறு நனைந்தபடியே கிடக்கும். சித்திரை வெயிலில் இப்படி என்றால், ஐப்பசி மழையில் துவைத்த துணி காயாமல் அப்படியே உடம்பில் ஏறும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு வேறு எங்கே கிடைக்கும்?

சாயம் தோய்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். நாளெல்லாம் கை தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. விரல் இடுக்கு வெளுத்து வெடிக்கிறது. நகக்கண் வீங்கிச் சிவக்கிறது. அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர்களுக்கு ஆவி. சேடை ஓட்டுகிறவர்களுக்குச் சேற்றுப்புண். தொழில் வேறு, பூஞ்சை ஒன்றுக்கொன்று வேறு, ஆனால் காரணம் ஒன்றே. ஈரம்.

'நமக்கென்ன, ஆபீஸ் உத்தியோகம்' என்று குமாஸ்தாக்கள் நினைக்க வேண்டாம். இறுக்கமான காற்சட்டையும் நைலான் உள்ளாடையும் போட்டு, வேலூர் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய்வருகிறவர்களின் தொடை இடுக்கும் ஒரு குழித்தறிதான்.

வளையம் ஏன் வருகிறது?

படர்தாமரை என்பதும் படை என்பதும் ஒன்றே. ரத்தம் கெட்டுப் போய் வருவதில்லை. கத்திரிக்காய், கருவாடு தின்றதால் வருவதும் இல்லை. தோலின் மேல்பரப்பில் செத்துப்போன ஒரு படலம் இருக்கிறது. நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே சரக்கு. அதைத் தின்று வாழும் பூஞ்சைதான் படர்தாமரை. நடுவில் தின்று முடித்துவிட்டு வெளிப்பக்கமாகப் பரவும். அதனால்தான் நடு ஆறினது போலவும், ஓரம் சிவந்து செதில் உரிந்தும் வளையம் வளையமாகத் தெரிகிறது.

பெயர் வைத்தவர் யாரோ, சரியான ஆள். குளத்தில் தாமரை படர்கிற மாதிரிதான் படர்கிறது.

அரிப்பு எங்கிருந்து வருகிறது? உள்ளே வந்த அன்னியனை உடம்பு எதிர்க்கிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, அந்தச் சண்டைதான் அரிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் டியூபின் சூழ்ச்சி புரிந்துவிடும்.

ஒரே டியூபில் நாலு மருந்து

கடையில் கை நீட்டி எடுத்துத் தரும் களிம்புகளில் பல, கலப்புக் களிம்புகள். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ, இவற்றோடு ஸ்டீராய்டு ஒன்று. 'எந்த வியாதியாக இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கட்டும்' என்ற கணக்கு. ஸ்டீராய்டுக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி இல்லை. உடம்பு போடும் சண்டையை நிறுத்துவதுதான் அதன் வேலை. சண்டை நின்றால் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். இரண்டே நாளில் "ஆகா, என்ன மருந்து!" என்று தோன்றும்.

வீட்டுக்குள் திருடன் புகுந்தான். நாய் குரைக்கிறது. திருடனைப் பிடிக்காமல் நாயின் வாயைக் கட்டினால் வீடு அமைதியாகத்தான் இருக்கும். விடிந்து பார்த்தால் பெட்டி காலி!

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. குளோட்ரிமசோல் என்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. குளோபெட்டசால் என்பது ஸ்டீராய்டு. பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகக் கடுமையானவற்றில் ஒன்று. காதில் விழும்போது இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கிறது. ஒன்று பூஞ்சைக்கு எமன், மற்றது பூஞ்சைக்குக் காவல்காரன். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று இந்தக் குடும்பத்தில் இன்னும் பலர் உண்டு. டியூபின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அசல் பெயர்கள் கீழே பொடி எழுத்தில்தான் இருக்கும். கண்ணாடி போட்டாவது அதைப் படித்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டு விஷம் என்று யாரும் சொல்லவில்லை. கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற வியாதிகளுக்கு டாக்டர் அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. பூஞ்சைக்குப் பூசுவதில்தான் வினை.

மாறுவேடம்

ஸ்டீராய்டு பூசிய படை எப்படி இருக்கும்? வளையம் அழிந்துவிடும். டாக்டரே பார்த்தாலும் சட்டென்று அடையாளம் தெரியாது. 1968-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து டாக்டர்கள் இதைக் கண்டு எழுதி, 'மாறுவேடப் படை' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார்கள். சில பேருக்கு வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம் என்று கோலம் போட்ட மாதிரி வரும். இடுப்பில் ரூபாய் அளவில் தொடங்கியது தொடை, பிட்டம், வயிறு, முதுகு என்று போகும்.

மாதக்கணக்கில் பூசினால் தோலும் கெடும். மெலிந்து ரத்தக் குழாய் தெரியும். தொடை இடுக்கில், பிரசவமான பெண்களின் வயிற்றில் இருப்பது போன்ற கோடுகள் விழும். பூஞ்சை போனாலும் அந்தக் கோடுகள் முழுசாகப் போவதில்லை. முகத்தில் பூசியவர்களுக்குச் சிவந்து எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும். அதனால் மறுபடி பூசுவார்கள். சாராயம் விட முடியாதவன் கதைதான். குழந்தைகளின் தோல் மெல்லியது. மருந்து உடம்புக்குள்ளேயே இறங்கிவிடும்.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக இந்தியா முழுக்கப் படர்தாமரை பழைய படர்தாமரையாக இல்லை. முன்பு இரண்டு வாரத்தில் ஆறியது, இப்போது மாதக்கணக்கில் இழுக்கிறது என்று தோல் டாக்டர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இந்தியா, நேபாளத்து நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையைத் தனி இனம் என்று சொல்லி, அதற்கு இந்தியாவின் பெயரையே வைத்துவிட்டார்கள். டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே! டெர்பினாபின் என்ற நல்ல மாத்திரைக்கு இது பல பேரிடம் மசிவதில்லை. 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இரண்டு பெண்களிடம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் வங்காளதேசம் போய்விட்டு வந்தவர். இன்னொருவர் வெளிநாடே போகாதவர்.

பட்டுப் புடவைக்கு இந்தியப் பெயர் கிடைத்தால் பெருமை. படைக்குக் கிடைத்தது பெருமையா? கலப்புக் களிம்பை இஷ்டத்துக்குப் பூசியது இந்தக் கதையில் பெரிய பங்காளி என்பது தோல் டாக்டர்களின் கருத்து.

சட்டம் இருக்கிறது

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? நன்றாக இருக்கிறது.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கு ஷெடியூல் எச் என்று ஒரு பட்டியல் உண்டு. ஸ்டீராய்டு அதில் உண்டு. ஆனால், மேலே பூசும் மருந்துக்கு விலக்கு என்று ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் லட்சக்கணக்கான டியூப் வெளியே வந்தது. தோல் மருத்துவர் சங்கத்தினர் வருடக்கணக்கில் போராடினார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுகளின் பெயரைக் குறிப்பிட்டு அந்தச் சந்தை அடைத்தது. அதே வருடம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளை ஒரேயடியாகத் தடை செய்தபோது, குளோபெட்டசாலோடு மூன்று நான்கு மருந்து கலந்த தோல் களிம்புகள் சிலவும் அதில் போயின. தடைப் பட்டியலில் வராத கலப்புகள் இன்னும் விற்பனையில் உண்டு. ஸ்டீராய்டு இருந்தால் அவை சீட்டுக்கு மட்டும்தான்.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. டியூப் கடையில் கிடைக்கிறது. எது வீட்டுக்குப் போகிறது?

கடைக்காரரைக் கேட்டால் அவர் பக்கமும் ஒரு நியாயம் சொல்வார். "நான் இல்லைன்னு சொன்னா பக்கத்துக் கடைக்குப் போவாரு. வாடிக்கையும் போயிடும்." உண்மைதான். ஆனால் பக்கத்துக் கடைக்காரரும் இதையே சொல்கிறார்! ஒரு தெருவில் உள்ள கடைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து 'சீட்டு இல்லாமல் கலப்புக் களிம்பு இல்லை' என்று முடிவு செய்தால் யாருடைய வாடிக்கை எங்கே போகும்? தீபாவளிக்குக் கடை எத்தனை மணிக்கு மூடுவது என்பதில் ஒற்றுமையாக இருக்க முடிகிறதே. விலை தெரிந்த கடைக்காரருக்கு மருந்தும் தெரியும். ஸ்டீராய்டு கலக்காத ஒற்றைப் பூஞ்சைக் களிம்பு அதே அலமாரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம்?

மருந்து ஆய்வாளர்களும் மாதத்துக்கு ஒரு நாள் பில் புத்தகத்தையும் அலமாரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எத்தனை டியூப் வந்தது, எத்தனை சீட்டுக்குப் போனது என்று கணக்கு தானாகப் பேசும்.

ஒரு டியூபில் தீருமா?

கணக்கு என்றதும் இன்னொரு கணக்கு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காணும். இடுப்பிலும் இரண்டு தொடையிலும் நாலு உள்ளங்கை அளவுக்குப் படை என்றால் ஒரு வேளைக்கு ஒரு கிராம், இரண்டு வேளைக்கு இரண்டு கிராம். பதினைந்து கிராம் டியூப் ஒரு வாரத்தில் காலி. நாலு வாரம் பூச வேண்டும் என்றால் நாலு டியூப் வேண்டும்.

நாலு டியூப் வாங்குகிறவர் யார்? ஒரு டியூபை மூன்று மாதம் வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம். அரிக்கும்போது தடவுவது, அடங்கினால் மூடி வைப்பது. எது பூசினாலும் இப்படிப் பூசினால் ஆறாது. செதிலுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் சேர்த்துப் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததற்கு மருந்து பூசுவது கஷ்டம்தான். கடன் தீர்ந்த மாதிரி இருக்கும்போதுதான் வட்டி பாக்கி நிற்கிறது.

ஒற்றைப் பூஞ்சைக் களிம்பை ஒழுங்காகப் பூசியும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால், டாக்டரிடம் போக வேண்டும். உடம்பில் நாலைந்து இடத்தில் இருந்தாலும், முகத்தில், தலையில், நகத்தில் வந்தாலும், குழந்தைக்கு வந்தாலும், சர்க்கரை வியாதிக்காரருக்கு வந்தாலும் கடையில் நிற்காமல் நேரே டாக்டர்தான். மாத்திரை தேவைப்படும்.

பழைய வைத்தியம் கேலிக்குரியது அல்ல. சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றும் பெயர். படைக்கு அதன் இலையை அரைத்துப் பூசும் பழக்கம் பல ஊரில் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு அரசாங்கமே அந்தச் செடியை ஏற்றுக்கொண்ட மூலிகைப் பட்டியலில் வைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்ஃபீல்டு என்ற இங்கிலாந்து டாக்டர் சேர்த்த களிம்பு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பிடித்தது. விலை மலிவு, ஆனால் தொடை இடுக்கில் எரியும். பூண்டை அரைத்து வைத்துக் கட்டித் தோலை வேகவைத்துக்கொள்வது, மண்ணெண்ணெய் தேய்ப்பது, கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, இவை வைத்தியம் இல்லை. புண்ணின் மேல் புண்.

வீட்டில் ஒருவருக்கு வந்தால்

புருஷன் பூசிக்கொள்வார். பெண்டாட்டிக்கும் இருக்கும், சொல்ல மாட்டாள். இடம் அப்படி. மாமியாரிடம் சொல்லவா, ஆண் டாக்டரிடம் காட்டவா என்று மறைத்து மறைத்து, புடவைக் கொசுவத்துக்குள் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போலப் படை போட்ட பிறகுதான் வெளியே வரும். வெளியே வந்தால் "சுத்தமா இருக்கத் தெரியல" என்று பேச்சு அவளுக்கே. நாள் முழுக்கத் தார் சுற்றி, அடுப்படியில் வெந்து, வீட்டில் எல்லாருடைய துணியையும் துவைக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

ஒருவர் மட்டும் பூசினால் தீராது. ஒரே துண்டு, ஒரே பாய், ஒரே வாளியில் ஊறும் துணி. உதிர்ந்த செதிலில் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். யார் யாருக்கு இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்துணியைக் கொதிக்கிற வெந்நீரில் நனைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் போட வேண்டும். மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டி அந்த வேலையைச் செய்யும். அரைஞாண் கயிறு கட்டியே ஆக வேண்டும் என்றால் வெள்ளியில் கட்டிக்கொள்ளலாம்; வசதி இல்லாதவர்கள் படை ஆறும் வரையாவது நூல் கயிற்றை அவிழ்த்து வைக்கலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

கூலி போகும் பயம்

"டாக்டரிடம் போ" என்று சொல்வது சுலபம். தறிக்காரருக்குக் கூலி புடவைக் கணக்கு. உட்கார்ந்தால் காசு, எழுந்தால் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கிடையாது, ஆனால் வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலை வேளையில். ஒண்ணுபுரத்திலிருந்தோ தேவிகாபுரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்து, வரிசையில் நின்று, திரும்பிப் போனால் பாதி நாள் போச்சு. மேல்சிகிச்சைக்குத் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி என்றால் முழு நாளும் போச்சு. அதற்குக் கடையில் ஒரு டியூப் மலிவு என்று அவர் நினைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவருடைய கணக்கில் தப்பு இல்லை. ஆறு மாதத்துக்கு எத்தனை டியூப் என்று கூட்டிப் பார்க்காததுதான் தப்பு.

ஆகவே டாக்டர் தறியைத் தேடிப் போக வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ல் தொடங்கியது. அரசு நினைத்தால் வாசலுக்கு வர முடியும் என்று அதில் தெரிந்துபோயிற்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தில் மாதம் ஒரு சாயங்காலம், ஒரு தோல் டாக்டர், ஒரு பெண் டாக்டர், நாலு வாரத்துக்கு உண்டான களிம்பை மொத்தமாகக் கையில் கொடுக்கும் ஒரு மருந்தாளுநர். சேவூரில் ஒரு மாதம், ஆரணியில் ஒரு மாதம். இதற்குப் புதிதாகக் கட்டிடமும் வேண்டாம், அடிக்கல்லும் வேண்டாம். கூடத்தில் ஒரு திரைச்சீலை கட்டினால் போதும்.

அரிக்காத தேமல்

இன்னும் ஒரு விஷயம். அரிக்கிற படைக்குக் கடைக்கு ஓடுகிறவர்கள், அரிக்காத தேமலை விட்டுவிடுகிறார்கள். மார்பிலும் முதுகிலும் வெளுத்தோ கறுத்தோ பொடி உதிர வரும் சாதாரணத் தேமலும் ஒரு பூஞ்சைதான். அது ஆபத்தில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. பூஞ்சை செத்தாலும் பழைய நிறம் வர மாதங்கள் ஆகும். அதற்குள் 'மருந்து கேக்கல' என்று களிம்பை மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் தேமல் போலத் தெரிந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை, மரத்துப் போயிருக்கிறது என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். எந்தக் களிம்பும் பூசக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் தீர்ந்துவிடும். வேலூர்ப் பக்கம் கரிகிரியில் 1955 முதல் இந்த வியாதிக்கென்றே ஆஸ்பத்திரி நடக்கிறது. ஆரணியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.